எறும்பும் நம் அறமும்

ஊரில் நம் தாய்மார் வாசலில் அரிசிமாக் கோலம் இடுவது அழகுக்கு மட்டுமன்று. எறும்புக்கும் இரையாகட்டும் என்றுதான். இங்கோ, கோடையில் சமையலறைக்குள் எறும்பு வரிசையைக் கண்டதும் நம் கை பூச்சிமருந்தைத் தேடுகிறது. வாசலில் தர்மம், அடுப்படியில் வதம் என்பது முறையா?

கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். உணவைக் காப்பதும் இல்லறக் கடமையே. இரண்டும் மோத வேண்டியதில்லை.

இரை கண்ட எறும்பு, கூடு திரும்பும் வழியில் மணத்தடம் இட்டுச் செல்கிறது. மற்றவை அத்தடத்தைப் பற்றியே வருகின்றன. சவர்க்கார நீரால் அல்லது நீர் கலந்த வினிகரால் துடைத்தால் தடம் அழியும். சீனியையும் பிரசாதத்தையும் இறுக மூடுவோம். சுவர் வெடிப்புகளை அடைப்போம்.

போராக்ஸ் கலந்த சீனிப்பாகு அப்படியன்று. எறும்புகள் அதைக் கூட்டுக்குக் கொண்டு சென்று ஊட்ட, இராணியும் மடியும். குழந்தைகளுக்கும் அது நஞ்சு. வீட்டு மரச்சட்டத்தைக் குடையும் எறும்பானால் அதுவும் தேவைப்படலாம். சிந்திய சீனிக்கு வந்த எறும்புக்கு அது மிகையான தண்டனை.

அழைத்தது நம் சீனிதானே? ஆகவே முதலில் துடைப்போம். பிள்ளைகளின் கையிலும் ஒரு துணியைக் கொடுப்போம். கொல்லாமையை அவர்கள் அடுப்படியிலும் கற்கட்டும்.