மங்களம் குழலுக்கு மட்டுந்தானா?

தாலி கட்டும் நேரத்தில் எதற்குக் கெட்டிமேளம்? அந்த நொடியில் யாராவது தும்மிவிட்டால், வேண்டாத சொல் மணமக்கள் காதில் விழுந்துவிட்டால் ஆகாதாம். ஒரு தும்மலுக்குப் பயந்து இரண்டு தவில்களை இடிக்க விடுகிறோம்.

இடிக்கிற மனிதர் முந்தின இரவு எங்கே படுத்தார் என்று எந்த வீட்டாரும் கேட்பதில்லை. தவிலுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்து, நள்ளிரவுப் பேருந்தில் வந்து இறங்கி, மண்டபத்தில் அறை கிடைக்காமல் பந்தி மேசைகளுக்கு நடுவே சமுக்காளம் விரித்திருப்பார். விடிவதற்குள் விரல்களுக்குக் கூடு மாட்ட வேண்டும். துணிப்பட்டையைப் பசையில் தோய்த்து விரல்விரலாகச் சுற்றிக் காயவைத்த கவசம் அது. தோலை அறைந்து அறைந்து விரல் வெடிக்காமலிருக்க. பக்கத்தில் நாதஸ்வரக்காரர் நாணல் சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டிருப்பார். அது காய்ந்தால் சுதி சேராது. முகூர்த்தம் முடிந்ததும் இவர்களுக்குப் பெரும்பாலும் கடைசிப் பந்தி.

வாத்தியத்துக்குப் பெயர் மங்கள வாத்தியம். வாசிக்கிறவருக்கு அந்த மங்களத்தில் பங்கில்லை.

பணம் பேசும்போது ஒரு வசனம் தவறாமல் வரும்: ‘இது தெய்வீகக் கலையாச்சே, இதற்குப் போய் இவ்வளவு கேட்கலாமா?’ டிரோன் கேமராக்காரரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவர் தொழில் தெய்வீகமில்லை; ஆகவே அட்வான்ஸ் ஒழுங்காகப் போய்விடுகிறது. ஒருவன் உழைப்பைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிட்டால் கூலியைக் குறைக்கலாம் என்பது நம் ஊரின் பழைய சாமர்த்தியம்.

பஞ்சாங்கம் செய்கிற கொடுமை வேறு. ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசி, மார்கழியிலும் பெரும்பாலும் கிடையாது. கோயிலில் மாதச் சம்பளம் வாங்கும் சிலரைத் தவிர, செட் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர்களுக்கு அந்த மாதங்களில் அடுப்பெரிவது கடனில்தான். ஆவணி பிறந்தால் ஒரே முகூர்த்தத்துக்கு நாலு வீட்டார் கூப்பிடுவார்கள். ஒரு வீட்டுக்குத்தானே போக முடியும்? மார்கழியில் சென்னைச் சபாக்கள் களைகட்டுகின்றனவே என்பீர்கள். அங்கே நாதஸ்வரத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது தொடக்க விழா மங்கள இசை: கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே நிற்கிற வேலை.

முன்பு இதைவிட மோசம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கக்கூடாது, இடுப்பில் கட்ட வேண்டும். செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில் நாதஸ்வரக் கலைஞர் மதுரை சிவக்கொழுந்தை அப்படித் துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்கக் கூடாது என்று தடுத்து நின்றவர் சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கொண்டு, ஷெர்வானி போட்டுக்கொண்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்தார். திமிர் என்றார்கள். அந்தத் திமிர் இல்லாவிட்டால் துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்திருக்கும்.

பகுத்தறிவு பேசும் நம் பக்கத்தாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுயமரியாதைத் திருமணம் 1967இல் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்புப் பெற்றது. நாளும் கோளும் பார்க்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. ஆனாலும் மேடையில் பகுத்தறிவு பேசிவிட்டு, மகள் கல்யாணத்தை ஆடியில் வைக்கத் தயங்கும் தோழர்களை நான் அறிவேன். ‘உறவுக்காரர்கள் வருத்தப்படுவார்கள்’ என்பார்கள். வேறு சிலரோ ஐயரை வேண்டாமென்றபோது மேளத்தையும் சேர்த்து வேண்டாமென்றார்கள். புரோகிதத்தை விலக்க நியாயம் உண்டு. தவிலில் என்ன மூடநம்பிக்கை இருக்கிறது? தோலும் பலாமரமும் ஒரு மனிதனின் பல வருடப் பயிற்சியும்தானே.

அடுத்து உங்கள் வீட்டில் கல்யாணமென்றால் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். மேளக்காரர்களை அழையுங்கள், படுக்க அறை கொடுங்கள், முதல் பந்தியில் இலை போடுங்கள். பேசிய தொகையை அவர்கள் கேட்பதற்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள். கெட்டிமேளத்தின் நடுவே யாராவது தும்மினால் தும்மட்டும்.