"இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லாதீர்கள்



சில வருஷங்களுக்குமுன், வேறொரு பங்கில், வாய்ப்புற்று கண்ட ஒரு குடும்பத் தகப்பனாரைச் சந்திக்கப் போனேன். "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இராமுழுதும் அவர் முனகுவதைத் தாங்காமல், பிள்ளைகள் அண்டைவீட்டில் போய்ப் படுப்பார்கள். நானோ, "இந்த வேதனையைச் சேசுநாதருடைய பாடுகளோடு ஒப்புக்கொடுங்கள்" என்று புத்தி சொல்லித் திரும்பினேன். சொன்னதில் பிழையில்லை. அவ்வலிக்கு மருந்து உண்டா என்று விசாரியாமல் விட்டேனே, அது என் குற்றம்.

குணமாக்க முடியாது என்பது வேறு. ஒன்றும் செய்ய முடியாது என்பது வேறு. லண்டனில் 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்றே அர்ச். கிறிஸ்தோபர் பேரால் ஓர் இல்லம் திறந்தார். சரீர வலியோடு மனக்கிலேசமும், குடும்பக் கவலையும், ஆத்தும வியாகுலமும் கூடியே ஒருவனை வாட்டுகின்றன என்று அவர் கண்டார். வலி முற்றியபின் அல்ல, அது தலைதூக்குமுன்னே மணிப்பிரகாரம் மருந்து கொடுக்க வேண்டுமென்றும் கற்பித்தார். நம் தேசத்தில் பம்பாயில் 1986-ல் சாந்தி அவேதனா இல்லம் தோன்றியது.

"மார்பின் கொடுத்தால் பாவமல்லவா, சுவாமி?" என்று கேட்கிறீர்கள். பாவமல்ல. வேறு வழியில்லாதபோது, சாகடிக்கும் கருத்தில்லாமல் வலியைத் தணிக்க அத்தகைய மருந்தைக் கொடுக்கலாம், அதனால் ஆயுள் சற்றுக் குறைய நேரிட்டாலும் குற்றமில்லை என்று 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1957-லேயே தெளிவாய்ப் போதித்திருக்கிறார். உயிரைப் போக்குவதற்கென்றே மருந்து கொடுப்பதுதான் கொலைபாதகம். பயனற்ற கடும் சிகிச்சைகளுக்காகக் கடன்படவும் ஒருவருக்கும் கடமையில்லை.

ஆகையால் உங்கள் வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருந்தால்:

வலி நிவாரண சிகிச்சை எங்கே கிடைக்குமென்று மருத்துவரிடம் கேளுங்கள். நமது மாநிலத்தில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவு சிகிச்சையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நோயாளி கேட்டால் உண்மையை மெதுவாய்ச் சொல்லுங்கள். சமாதானம் பண்ணவும், நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யவும் அவருக்கு அவகாசம் வேண்டும்.

நினைவு தப்பும்வரை காத்திராமல் குருவை அழையுங்கள். அவஸ்தைப்பூசுதல் என்று நாம் சொல்லிவந்த நோயில்பூசுதல், கடைசி மூச்சுக்கென்று மட்டும் ஏற்பட்டதல்ல.

அயலாரே, வெறுங்கையாய் எட்டிப்பார்த்துத் திரும்பாதீர்கள். ஓர் இரவு நீங்கள் விழித்திருந்தால், அந்த வீட்டுத் தாய் உறங்குவாள்.

தேவமாதாவால் சிலுவையின் ஆணிகளைப் பிடுங்க முடியவில்லை. ஆயினும் அவர்கள் கல்வாரியை விட்டு அகலவில்லை. நாமும் அகலாதிருப்போமாக.

ஆமென்.

பங்குக் குருவானவர்