வேலையை விடுவது துறவாகுமா?

மறுவேலை கையில் இல்லாமல் பதவி விலகுவது துறவா, கடமை தவறுதலா? சைவ மரபு இதற்கு மாணிக்கவாசகரைக் காட்டுகிறது. குதிரை வாங்கப் போன பாண்டிய அமைச்சர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டதும் பதவியை மறந்தார். அரண்மனைப் பணியை விட்டு நீங்கிய தாயுமானவரும் அவ்வழியினரே. இவர்களை வேலைமீது கொண்ட வெறுப்பு துரத்தவில்லை. வேலையைவிடப் பெரியது ஒன்று ஈர்த்தது.

பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயம் விலகலின் காரணத்தை ஆராய்கிறது. மயக்கத்தால் கடமையைக் கைவிடுவது தாமசம். உடல் வருத்தத்துக்கு அஞ்சிக் கைவிடுவது இராசதம். பயனில் பற்றை விட்டுக் கடமையைச் செய்வதே சாத்துவிகம். கடுமையான அளவுகோல்தான். ஆனால் மலேசியாவில் கிள்ளான் துறைமுகக் கிடங்கிலோ பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலோ பார்க்கும் சம்பள வேலை அதுவாகவே கடமை ஆகிவிடாது. குடும்பத்தைக் காப்பதே இல்லறத்தாரின் கடமை. வேலை அதற்கு ஒரு வழி. ஆளை நசுக்கும் வழியை மாற்றுவதில் பாவம் இல்லை.

மலேசியச் சட்டமும் காரணத்தைப் பார்க்கிறது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் விரும்பி விலகியவருக்கு உதவித்தொகை தருவதில்லை. பாலியல் தொல்லையால் விலக நேர்ந்தவருக்குத் தருகிறது. விலகும் முறைக்கும் விதி உண்டு. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால், 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு 4 வாரம், 5 ஆண்டுக்குக் குறைந்ததற்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்பு தரவேண்டும். அந்த வாரங்களில் பணியை ஒழுங்காக ஒப்படைப்பதும் அறமே.