சாப்பாட்டின் விலை யார் கணக்கில்?

மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததை முன்னிட்டுக் கடந்த ஆனி மாதம் நாங்கள் நால்வரும், அதாவது நானும் மனைவியும் மகளும் என் தாயாரும், ரொறன்ரோ நகரின் நடுப்பகுதியில் உள்ள ஓர் உயர்தர இந்திய உணவகத்துக்குச் சென்றிருந்தோம். இடத்தைத் தெரிவு செய்தவர் மகள். மங்கிய வெளிச்சம், மேசைக்கு மேசை சிறு விளக்கு. பட்டியலில் ரசமும் இருந்தது, தயிர்வடையும் இருந்தது. ரசம் இரண்டு மிடறு அளவில் கண்ணாடிக் குவளையில் வந்தது. தயிர்வடை என்பது ஒரேயொரு வடை. அதன்மேல் தயிர் நுரையாக நின்றது. விலை 18 டொலர். பரிமாறிய இளைஞர் அதைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்தார்.

"இது தொடக்கமோ தம்பி, முடிஞ்சுதோ?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் ஒரு வாய் உண்டதும் அவர் சொன்னது வேறு. "உழுந்தை நல்லா ஊறவிட்டுப் பொங்கப் பொங்க அரைச்சிருக்கினம். ஆரோ பொறுமையான ஆள்." அந்த மேசையில் இருந்த நால்வரில் சமைத்தவரை நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

பில் வந்தது. சாப்பாடு 314 டொலர். 13 வீத விற்பனை வரி 40.82. டிப்ஸ் 18 வீதம், 56.52. ஆக 411.34 டொலர். கணக்காளனுக்குத் தொழிற்பழக்கம் விடுமா? 2001 ஆம் ஆண்டு நான் இதே நகரில் ஓர் உணவகத்தில் இரவில் கோப்பை கழுவிக்கொண்டு, பகலில் யோர்க் பல்கலைக்கழகத்தில் படித்தேன். அப்போது ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 6.85 டொலர். அந்தக் கணக்கில் இந்த ஒரு சாப்பாடு 60 மணித்தியாலக் கோப்பை. 2025 ஐப்பசியில் 17.60 ஆக உயர்ந்த சம்பளத்தின்படி பார்த்தாலும் 23 மணித்தியாலத்துக்கு மேல்.

"அந்தக் காசில் கோயிலில் எத்தனை பேருக்கு அன்னதானம் கொடுத்திருக்கலாம்!" என்று வாசிக்கும் அன்பர்கள் நினைக்கக்கூடும். நியாயமான நினைப்புத்தான். ஆனால் அதே கேள்வியை நாம் மண்டப வாடகைக்குக் கேட்பதில்லை. சாமத்தியச் சடங்குக்குப் பிள்ளையை ஹெலிகொப்டரில் கொண்டுவந்து இறக்கும்போதும் கேட்பதில்லை. இடியப்பத்துக்கும் வடைக்கும் மட்டுமே கேட்கிறோம். அது ஏன் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

கை கழுவப் போனபோது குசினிக் கதவு ஒருமுறை திறந்து மூடிற்று. "மச்சான், அந்தத் தட்டைக் கெதியாத் தா" என்று உள்ளே ஒரு குரல். சந்தேகமே இல்லை, யாழ்ப்பாணத்துக் குரல். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கு வந்திறங்கிய எம்மவர் எத்தனையோ பேர் இத்தாலிய உணவகத்திலும் பிரெஞ்சு உணவகத்திலும் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்தவர்கள். அவர்கள் கையால் சமைத்த பாஸ்தாவுக்கு 30 டொலர் கொடுக்க எவரும் தயங்கியதில்லை. அதே கை புட்டு அவித்தால் மட்டும் ஏன் விலை இறங்குகிறது?

இதற்கு நியூயோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ராய் 2016 இல் வெளியிட்ட நூலொன்றில் விடை தேடியிருக்கிறார். அமெரிக்காவில் ஓர் இனத்தாரின் உணவுக்குக் கிடைக்கும் விலை, அந்த இனத்தார் சமூகத்தில் எந்தப் படியில் வைத்துப் பார்க்கப்படுகிறார்கள் என்பதோடு ஒட்டியே ஏறி இறங்குகிறது என்பது அவர் கருத்து. கைத்திறன் அதில் இரண்டாம் பட்சம். பிரெஞ்சுச் சமையலும் யப்பானியச் சமையலும் உச்சத்தில். இந்தியச் சமையல் கீழே. ரொறன்ரோவில் 1972 இல் நாஸ் திரையரங்கு திறந்தபின் ஜெராட் வீதியில் இந்தியக் கடைகள் பெருகின. அங்கிருந்து இந்நகரம் கற்றுக்கொண்டதும் இதுவே: இந்தியச் சாப்பாடு என்றால் குறைந்த காசுக்கு வயிறு முட்ட.

படி மாறவே மாறாது என்றில்லை. 2001 இல் லண்டனில் தமரிண்ட், சைக்கா என்ற இரண்டு இந்திய உணவகங்கள் மிஷலின் நட்சத்திரம் பெற்றன. நத்தம் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த விஜய் குமார், நியூயோர்க்கில் 'செம்ம' உணவகத்தில் நத்தைப் பிரட்டல் பரிமாறுகிறார். நம் சைவ வாசகர்கள் முகம் சுளிக்கவேண்டாம்; வயலில் பொறுக்கிய நத்தை, வேறு வழியில்லாதவர் சாப்பாடு. 2022 இல் அந்த உணவகத்துக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஆனியில் வேட்டியுடன் மேடையேறி ஜேம்ஸ் பியர்ட் விருதையும் அவர் வாங்கினார். நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. வன்கூவரில் 1994 இல் தொடங்கிய 'விஜ்ஸ்' உணவகத்தின் குசினியை மீரு தால்வாலா என்ற அம்மையார் பஞ்சாபிலிருந்து வந்த பெண்களைக் கொண்டே நடத்தினார். சமையற் கல்லூரி வாசலை மிதிக்காத, வீட்டில் சமைத்துப் பழகிய பெண்கள். அவர்கள் கைச் சமையலுக்காக ஊரே வாசலில் காத்து நின்றது.

இனி என் கதைக்கு வருகிறேன்; எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்த இரவு விருந்துக்கு இரண்டு கிழமை முன்புதான் என் தந்தையாரின் திவசம். ஸ்காபரோவில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கும் ஓர் அம்மாவிடம் 60 பேருக்குச் சொல்லியிருந்தேன். சோறு, பருப்பு, ஐந்து கறி, வடை, பாயாசம். ஆளுக்கு 14 டொலர் என்றார். "கட்டாது அக்கா, 12 போடுங்கோ" என்றேன். சற்றுப் பேசாமலிருந்துவிட்டுச் சரி என்றார். 120 டொலர் மிச்சம் பிடித்தேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. அதே வாய் 18 டொலர் வடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஸ்காபரோவில் இடியப்பமும் சம்பலும் சொதியும் அவ்வளவு மலிவாகக் கிடைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், ஏனெனில் அப்படிப்பட்ட சில கடைகளின் கணக்கை நான் எழுதியிருக்கிறேன். அரிசிமா இருக்கும், தேங்காய்ப்பால் இருக்கும், வாடகை, காஸ், மின்சாரம் எல்லாம் இருக்கும். அதிகாலை நாலு மணிக்கு எழும்பிப் பிழிகிற மனைவியின் சம்பளம் என்று ஒரு வரி இராது. கேட்டால், "அவ வீட்டாள்தானே" என்பார்கள். மலிவு என்பது விலை இல்லாமற் போவதன்று. அந்த விலையை வேறொருவர் கட்டிவிடுகிறார்.

எங்கள் பாட்டி "சோறு வித்த காசு தங்காது" என்பார். அவர் வளர்ந்த உலகம் அப்படி. செல்வச்சந்நிதி முருகனையே அன்னதானக் கந்தன் என்று அழைத்த உலகம். வடலூரில் வள்ளலார் 1867 இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. விதைத்த நெல்லை இரவோடிரவாக வாரி வந்து அடியாருக்கு அமுது படைத்த இளையான்குடிமாற நாயனாரை நாம் கும்பிடுகிறோம். இந்தப் பெருமையெல்லாம் உண்மை. ஆனால் நாயனார் வாரியது தம்முடைய விதைநெல்லை. அடியார் வந்து "இவ்வளவுதான் தருவேன்" என்று அவரிடம் பேரம் பேசவில்லை. தானம் கொடுப்பவன் மனமுவந்து செய்வது. வாங்க வந்தவன் விற்பவரிடம் தானத்தை எதிர்பார்த்தால் அதற்கு என்ன பெயர்? அன்னம் புனிதமானது, அதை விலை பேசக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே, அதைச் சமைப்பவரின் கூலியை நாம் குறைத்துவிட்டோமோ என்று எனக்குப் படுகிறது.

அப்படியானால் 18 டொலர் வடை அறத்தோடு கூடியதா? அப்படியும் சொல்லமாட்டேன். விலை ஏறினால் அது உழுந்து அரைத்த கைக்குப் போய்ச் சேரும் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் உறுதி சொல்லாது. வாடகைக்குப் போகலாம், விளக்குக்குப் போகலாம். 2016 ஆனியிலிருந்து ஒன்ராறியோவில் முதலாளி தொழிலாளரின் டிப்ஸை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதில் குசினிக்கு எவ்வளவு என்பது கடைக்குக் கடை வேறு. 2014 இல் பேவியூ வீதியில் 'இந்தியன் ஸ்ட்ரீட் ஃபுட் கம்பனி' டிப்ஸே வேண்டாம் என்று நிறுத்தி, பில்லில் 12 வீதம் சேர்த்துப் பார்த்தது. உள்ளே சமைப்பவருக்கும் வெளியே பரிமாறுபவருக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு ஒரு பிரச்சினை என்று நம் உணவகத்துறையிலேயே ஒருவருக்குப் பட்டிருக்கிறது. அன்று பில் கட்டியபோது, "இதில் குசினிக்கும் பங்கு உண்டா?" என்று அந்த இளைஞரிடம் நான் கேட்டிருக்கலாம். ஒரு காலத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றவன் நான். மகளுக்கு முன்னால் சங்கடம் என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் வீட்டில் ஓர் அபிஷேகச் சாப்பாடு. 40 பேர். சென்ற கிழமை அதே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். விலையை அவர் தொடங்கமுன்பே, "ஆளுக்கு 16 டொலர் எடுங்கோ அக்கா" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்:

"ஏன் தம்பி, போனமுறை ஏதும் குறையோ? இந்தமுறை கனக்கக் கறி வைக்கோணுமோ?"

"இல்லை அக்கா, அதே சாப்பாடுதான்."

"அப்ப பதினாலு போதும்" என்றார். பதினாறு என்று அவரை ஒப்புக்கொள்ள வைக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.