எந்த ஃபேனை மாற்றலாம்?

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? உடனே புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் பழுது, தண்டை ஒட்டிய கிண்ணத்துக்குள் இருக்கும் சிறிய கெப்பாசிட்டரில்தான். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எலக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார்.

ஆனால், நாளின் பாதி நேரம் ஓடும் ஹால் ஃபேனின் கணக்கு வேறு. பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட புது ரக ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் மாதம் 16 யூனிட் மிச்சம். விருந்தாளி வந்தால் மட்டும் போடும் ஃபேனை மாற்றினால், போட்ட பணம் எளிதில் திரும்பாது.

விலையோடு, ஓடும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அதிகம் உழைப்பதை மாற்றுங்கள். மற்றதைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.