இரண்டு நிசப்தங்கள்

சப்தத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இரண்டாவது வாக்கியத்திலேயே அதைக் குறியீடாக்கிவிடுகிறார்கள். நான் எழுத வந்தது ஒரு குறிப்பிட்ட சப்தத்தைப் பற்றி. வினாடிக்கு 50 முறை அதிரும் உறுமல். மேற்கத்திய ஸ்வர வரிசையில் ஜி என்கிற ஸ்வரத்துக்கு மயிரிழை மேலே. கிட்டாரின் மிகத் தடித்த தந்திக்கும் கீழே. மின்சாரம் வினாடிக்கு 60 முறை அலைகிற அமெரிக்காவில் இதே உறுமல் வேறு ஸ்ருதியில் கேட்கும். ஒவ்வொரு தேசத்தின் சுவர்களுக்குள்ளும் ஒரு தம்பூரா ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லாமல் விடுகிறேன்.

என் தம்பி கிட்டார் வாசிக்கிறவன். எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் அவனுடைய பெடல்போர்டு கிடக்கிறது. ஒரு பலகை மேல் வரிசையாக ஆறு சிறு உலோகப் பெட்டிகள். காலால் மிதித்தால் ஒன்று சப்தத்தைக் கிழிக்கும், ஒன்று எதிரொலிக்கும், ஒன்று நடுங்கவைக்கும். கடைசிப் பெட்டியிலிருந்து இரண்டு கேபிள்கள் பிரிந்து இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்குப் போகின்றன. இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் வீட்டுக்கு வந்த அன்றுதான் உறுமலும் வந்தது.

கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். உறுமல் நிற்கவில்லை, ஆகவே கிட்டார் அல்ல. ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்கித் தரும் இரைச்சலாயிருந்தால் வாசிப்பவன் திரும்பத் திரும்ப அது கூடும், குறையும். அதற்குக் கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் 1955இல் ஒரு தீர்வு கண்டார்: இரண்டு சுருள்களை எதிரெதிராக அமைத்து, காந்தங்களையும் எதிரெதிராக வைத்து, வெளியிலிருந்து வரும் இரைச்சல் தன்னையே அழித்துக்கொள்ள, தந்தியின் அதிர்வு மட்டும் கூட்டிக்கொள்ளும்படி. அழகான யோசனை. எங்களுக்கு உதவாது. பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். அடாப்டரை விட்டுவிட்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டினோம். கேபிள்களை மாற்றினோம். முதல் ஆம்ப்ளிஃபயரை மட்டும் இணைத்தால் அமைதி. இரண்டாவதை மட்டும் இணைத்தாலும் அமைதி. இரண்டையும் இணைத்தால் உறுமல். இரண்டு மாலைகள் இதிலேயே போயின.

"எதுடா கெட்டுப்போயிருக்கு?" என்றேன்.

"எதுவும் கெட்டுப்போகலண்ணா. அதான் பிரச்சினையே."

அவன் சொன்னது சரி. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் மூன்று முள் பிளக்குகளோடு எதிரெதிர்ச் சுவர்களில் சொருகப்பட்டவை. இரண்டுக்கும் எர்த் உண்டு. கேபிளுக்குள் இசை போகும் கம்பியைச் சுற்றி ஓர் உலோக வலை இருக்கிறது. பெடல்போர்டின் வழியாக அந்த வலைகளும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை இணைக்கின்றன. ஆக, இரண்டு யந்திரங்களுக்கு நடுவே இரண்டு பாதைகள்: சுவருக்குள் ஒன்று, வலையின் வழியே ஒன்று. சேர்ந்து ஒரு வளையம். வீட்டிலுள்ள மின்சாரத்தின் காந்தப்புலம் அந்த வளையத்தில் ஒரு சிறு ஓட்டத்தைத் தூண்டிவிடுகிறது. இரண்டு சுவர்களின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லையென்றாலும் இதேதான். வலையின் சொற்ப மின்தடையில் அது ஒரு சொற்ப வோல்ட்டேஜாகி இசையோடு சேர்ந்துகொள்கிறது. எது இசை, எது இசையல்ல என்பது ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே விசுவாசத்தோடு பெருக்கித் தருகிறது.

இரைச்சல் வேண்டாம் என்பதுகூட இந்த உலகத்தில் எளிய விஷயமல்ல. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் ஸ்பீக்கரின் கூம்பை பிளேடால் கிழித்துத்தான் தன் சப்தத்தைப் பெற்றார். தம்பியின் பெட்டிகளில் ஒன்று அந்தக் கிழிசலை ட்ரான்ஸிஸ்டர்களால் செய்து தருகிறது. அதற்கு என் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறான். ஆக, அவனுடைய விரோதம் இரைச்சலோடு அல்ல, தான் கேட்காமல் வந்த இரைச்சலோடு.

மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் சிவப்பு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. உறுமல் இல்லை. அவன் வாசிப்பதை நிறுத்தினால் மின்விசிறி சுற்றுவது கேட்டது. "என்ன ஒரு நிசப்தம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். சப்தத்துக்குப் பின்புலமாக நிற்கும் வெறுமையைப் பற்றி நாலைந்து வாக்கியங்கள் பேசினேன் என்றும் ஞாபகம். சாப்பிடும்போதுதான் சொன்னான். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவர் வந்து, இரண்டாவது ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைத் திறந்து, பச்சை வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐந்து நிமிஷ வேலை. எல்லா மேடையிலும் இப்படித்தான் செய்கிறார்களாம்.

பச்சை வயர் என்பது எர்த். கிட்டாரின் தந்திகளும் எர்த்தோடு சேர்க்கப்பட்டவை. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைவதை வாசிக்கிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். அதாவது வாசிப்பவனின் உடம்பும் சர்க்யூட்டில் ஒரு பகுதி. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயருக்குள் என்றாவது ஓர் இன்சுலேஷன் விட்டுப்போய் 230 வோல்ட் அதன் உலோகச் சட்டத்தைத் தொட்டால் அது தந்திகளுக்கும் வரும். வலையின் வழியே மற்ற ஆம்ப்ளிஃபயரின் எர்த் காப்பாற்றலாம்; ஆனால் அந்த மெல்லிய வலை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. அந்தக் கேபிளைக் கழற்றிவிட்டு இதில் நேராகக் கிட்டாரைச் சொருகினால் அதுவும் இல்லை. பிறகு எர்த்துள்ள ஒரு மைக்கில் உதடு பட்டால் போதும். ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் வாத்தியக்காரர் லெஸ் ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் சரியாக இல்லாத மைக்ரோபோனைத் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப் 1976இல் தம் வீட்டிலேயே, கிட்டாரும் கையுமாக.

வளையத்தை வேறு இடத்திலும் அறுக்கலாம். ஒரு கேபிளின் நடுவே தீப்பெட்டியளவு ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் போதும். உள்ளே இரண்டு சுருள்கள். அவற்றுக்கிடையே கம்பித் தொடர்பு கிடையாது. இசை காந்தத்தின் வழியே தாண்டிப் போகிறது, வலை அறுந்துவிடுகிறது. பச்சை வயர் தன் இடத்தில் இருக்கும். இப்படி அறுத்தாலும் அப்படி அறுத்தாலும் உறுமல் போய்விடும். கிடைக்கிற நிசப்தம் ஒன்றே. எவ்வளவு தேர்ந்த காதாலும் இதையும் அதையும் பிரித்துச் சொல்ல முடியாது. என்னைத் தொந்தரவு செய்வது இதுதான்.

எர்த் என்பதை மண் என்று மொழிபெயர்த்து, மண்ணை இழந்த கலை என்று ஒரு முழக்கம் செய்யலாம். அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். என் சங்கடம் வேறு. பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தபோது, கவிதையைக் கவிதைக்குள்ளேயே பார், வெளியே போகாதே என்று கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் அதை இன்னும் நம்புகிறேன். ஆனால் எது எங்கே வெட்டப்பட்டது என்பது பிரதியில் தெரிவதில்லை. வீட்டு வேலை செய்யும் கிழவி ஒருத்தியைப் பற்றிய கவிதையை ஒருமுறை சிலாகித்து எழுதினேன். அதில் அவள் பேசவே மாட்டாள். அந்த மௌனத்தை உருவச் செம்மை என்றேன். அவள் வாயைத் திறந்திருந்தால், சம்பளம் எவ்வளவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கவிதை உறுமியிருக்கும். கவிஞர் அறுத்தது எந்த வயரை என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கிளையில் ஒருவருடைய கடன் தவணை அவர் கணக்கிலிருந்து ஒரே நாளில் இரண்டு தடவை போய்விட்டது. கம்ப்யூட்டர் தானாகவே எடுத்தது ஒரு தடவை. எடுக்காமல் போய்விடுமோ என்று பயந்து அவரே கவுண்டரில் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அதன் பேரில் ஒரு தடவை. இரண்டும் முறைப்படியான பாதைகள். எதிலும் தவறில்லை. ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவர் கொடுத்த செக் திரும்பிவிட்டது. விசாரணைக் காகிதத்தில் 'பொறுப்பானவர்' என்றொரு கட்டம் உண்டு. வளையம் என்று எழுத அதில் இடமில்லை. பதிவு செய்தது சேர்ந்து ஆறு மாதமான ஒரு பெண். கடிதத்தை வாங்கிய கவுண்டர் என்னுடையது. நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு மெமோ கொடுத்தார்கள், கோப்பு மூடப்பட்டது. அடுத்த வாரத்திலிருந்து கிளையில் நல்ல அமைதி.

அன்றிரவே பிளக்கைத் திறந்து பச்சை வயரை மறுபடி முடுக்கினேன். தம்பிக்குக் கோபம், மறுநாள் அவனுக்குக் கச்சேரி. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, வயர்களைச் சேர்த்துக் கட்டினோம். வளையம் சுருங்க உறுமலும் சுருங்கியது, போகவில்லை. அப்படியே வாசித்துவிட்டு வந்தான். முன்வரிசையில் யாரோ முகம் சுளித்தார்களாம். ட்ரான்ஸ்ஃபார்மர் பத்து நாள் கழித்து வந்தது. இப்போது கூடத்தில் மின்விசிறி கேட்கிறது.

அந்தப் பெண் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பணம் போன இரண்டு பாதைகளையும் ஒரு வெள்ளைத் தாளில் படமாக வரைந்து, கவுண்டர் என்னுடையது என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். மேலாளருக்கா, அவருக்கா, யாருக்கு முதலில் அனுப்புவது என்பதில் இன்னும் நிற்கிறது.