யாருடைய தேதி?

அக்காவின் புல்டாக் குட்டி போடவிருந்த நேரம். ஆபரேஷனை ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டது நான்தான். திங்கள் எனக்கு ஆபீஸ். "குட்டியோட நுரையீரலுக்கு உங்க லீவு தெரியாது சார்" என்றார். அப்போது சிரித்துவிட்டேன்.

கருப்பைக்குள் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான். வெளியே வந்ததும் காற்றறைகள் விரிய வேண்டும். மூச்சு விடும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளவும் கூடாது. அதற்கு உள்சுவரில் சர்பாக்டன்ட் என்ற பொருள் படிந்திருக்க வேண்டும். நாய்க்குட்டிக்கு அது போதிய அளவு சேர்வது கடைசிச் சில நாட்களில்தான். கருமுட்டை வெளியான நாளிலிருந்து பிரசவத்துக்குச் சுமார் 63 நாள். ஆனால் இணைசேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் 57 நாளும் ஆகலாம், 72 நாளும் ஆகலாம். விந்தணுக்கள் தாயின் உடலுக்குள் பல நாள் உயிரோடு இருக்கும். காலண்டரில் நாம் போட்ட வட்டம் வெறும் ஊகம்.

அதனால் டாக்டர் சுற்றி வளைத்துத்தான் கேட்கிறார். ஸ்கேனில் குட்டியின் குடல் அசைகிறதா என்று பார்க்கிறார். தாயின் ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே இறங்கினால், பிரசவம் ஏறக்குறைய ஒரு நாள் தூரத்தில் இருக்கிறது.

அந்த அளவை இறக்குவது யார்? 1960களில் நியூசிலாந்தில் கிரஹாம் லிக்கின்ஸ் செம்மறி ஆடுகளிடம் கண்டது இது: பிரசவத்தைத் தொடங்கி வைப்பது தாயல்ல, குட்டி. அதன் உடலில் சுரக்கும் கார்டிசால்தான் நுரையீரலையும் முதிர வைக்கிறது, வலியையும் தொடங்கி வைக்கிறது. நாயிலும் ஏறக்குறைய இப்படித்தான் என்று கருதுகிறார்கள். அதாவது, 'நான் ரெடி' என்று சொல்வது பிறக்கப்போகிற உயிரே.

புல்டாக்கிடம் அந்த உரிமையை நாம் பறித்துவிட்டோம். பெரிய தலை, தட்டை முகம், குறுகிய இடுப்பு. பார்க்க நமக்குப் பிடித்திருந்தது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக இதைப் பொறுக்கி வளர்த்தோம். 2010இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், புல்டாக் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன். குட்டி 'ரெடி' என்று சொன்னாலும் அதற்கு வழி இல்லை.

"இவ்வளவு டெஸ்ட் எடுத்து ஜாக்கிரதையாத்தானே பண்றோம்" என்றாள் அக்கா. உண்மைதான். ஆனால் அது கருணையா, நாமே வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டியா? வட்டி கட்டினால் கடன் தீராது. அதற்காகக் கட்டாமல் இருக்கவும் முடியாது; ஏற்கெனவே வயிற்றில் இருக்கும் குட்டி என்ன தப்பு செய்தது? அதற்கு நாம் மிச்சம் வைத்திருப்பது தேதி ஒன்றுதான். அதையும் என் லீவுக்காகக் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அளவு இறங்கவில்லை. திங்களும் இல்லை. செவ்வாய் இரவுதான் டாக்டர் கத்தியைத் தொட்டார். நான்கு குட்டிகள், நான்கும் கத்தின.

அடுத்த ஈற்றுக்கு இப்போதே ஆள் கேட்கிறார்கள் என்றாள் அக்கா. வேண்டாம்க்கா என்றேன். சொல்லும்போது என் மடியில் ஒரு குட்டி இருந்தது. அதன் சப்பை மூக்கைப் பார்த்து, "ஐயோ, என்ன அழகு" என்று ஐந்து நிமிடம் முன்னால் சொன்னதும் நானேதான்.